கறுப்புப் பெட்டி: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?



2024 பிப்ரவரி 13ஆம் நாள் பிற்பகல். சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் ஒன்று சில நிமிடங்களிலேயே காப்பார், கம்போங் தோக் மூடா பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்தது. அதில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் போகிறவர்களுக்குக் காப்பார் தெரியாத ஊர் இல்லை. இப்படி ஒரு செய்தி பக்கத்து ஊரிலிருந்து வந்தால், மறுநாள் வகுப்பில் முதலில் எழும் கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும்: “டீச்சர், கறுப்புப் பெட்டி கிடைச்சிருச்சா?”

இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த மாதிரிச் சிறு விமானங்களில் கறுப்புப் பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. எடையும் பயணிகள் எண்ணிக்கையும் கூடக்கூடத்தான் இந்தக் கட்டாயம் வருகிறது. பெட்டி இல்லாத விபத்தில் ராடார் பதிவு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசிய பேச்சு, சிதைந்த பாகங்கள், பார்த்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டுதான் விசாரணை நகர வேண்டும்.

அப்படியானால் பெட்டி இருந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? அதுவும் இல்லை. பதிவானது மட்டுமே தெரியும். பதிவாகாதது, அழிந்தது, கடலடியில் கிடப்பது எதுவும் தெரியாது. நம் சிலாங்கூர் மண்ணிலும் நம் நாட்டு விமானங்களிலும் நடந்தவற்றை வைத்தே இதை மாணவர்களுக்கு விளக்க முடியும். அதற்கு உதவியாகத்தான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் பெயர். கறுப்புப் பெட்டி கறுப்பாக இருக்காது. புகையிலும் சேற்றிலும் கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பூசியிருப்பார்கள். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, விமானத் தரவுப் பதிவுக் கருவி. உயரம், வேகம், திசை, இயந்திரத்தின் சக்தி, இறக்கைத் தகடுகளின் நிலை என்று நூற்றுக்கணக்கான விவரங்களை நொடிக்கு நொடி எண்களாக எழுதி வைக்கும். புதிய விமானங்களில் இது ஆயிரத்தையும் தாண்டும். கடைசி 25 மணி நேரப் பதிவு இதில் இருக்கும்.

மற்றொன்று, விமானி அறைக் குரல் பதிவுக் கருவி. விமானிகளின் பேச்சு மட்டும் இல்லை, பொத்தானைத் தட்டும் ஓசை, எச்சரிக்கை மணி, இயந்திர இரைச்சல் எல்லாம் இதில் விழும். இரண்டும் வழக்கமாக வால் பகுதியில் இருக்கும். மூக்கு மோதி நசுங்கும்போது, வால் கடைசியாகத்தான் அடி வாங்கும்.

இந்த யோசனையைச் செயலாக்கியவர் ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன். அவருடைய தந்தை 1934இல் ஒரு விமான விபத்தில் இறந்தவர். 1950களில் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் அடுத்தடுத்து விழுந்தபோது, அந்த விசாரணையில் வாரனுக்கும் பங்கிருந்தது. கடைசி நிமிடத்தில் விமானிகள் என்ன பேசினார்கள் என்று கேட்க முடிந்தால் இவ்வளவு ஊகம் தேவையில்லையே என்று அவருக்குத் தோன்றியது. எஃகுக் கம்பியில் 4 மணி நேரக் குரலையும் சில கருவிகளின் அளவுகளையும் பதியும் மாதிரிக் கருவியைச் செய்து காட்டினார்.

“விமானத்தையே அதுல செய்யலாமே?”

படிநிலை 2 மாணவர் யாராவது இதைக் கேட்காமல் விடமாட்டார். நல்ல கேள்விதான், சிரித்துக் கடந்துவிட வேண்டாம்.

உண்மையில் பெட்டி முழுவதும் உறுதியானது இல்லை. வெளிப்புறப் பாகங்கள் உடைந்தே போகலாம். நினைவுச் சில்லுகள் இருக்கும் சிறு உருளை மட்டும்தான் கவசம் பூண்டது. வெளியே கனமான எஃகு அல்லது டைட்டானியம், அதற்குள் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த அடுக்கு, அதற்கும் உள்ளே நினைவுச் சில்லுகள். அறிவியல் பாடத்தில் நாம் சொல்லும் ‘அரிதிற் கடத்தி’ உயிர்காக்கும் வேலை செய்யும் இடம் இது.

இந்த உருளை தாங்க வேண்டிய சோதனைகள் கடுமையானவை. புவியீர்ப்பைப் போல 3,400 மடங்கு மோதல். 1,100 பாகை செல்சியஸ் தீயில் 60 நிமிடம். 260 பாகை வெப்பத்தில் 10 மணி நேரம். 6,000 மீட்டர் ஆழக் கடலின் அழுத்தம். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். விமானம் உருகிய தீயிலும் உருளை பிழைப்பது இதனால்தான்.

முழு விமானத்தையும் இப்படிச் செய்தால் கனம் தாங்காமல் அது மேலே எழும்பாது. எழும்பினாலும் பயனில்லை. கூடு உடையாமல் இருக்கலாம், ஆனால் அந்த மோதலை உள்ளே இருக்கும் மனித உடல் தாங்காது. உடையாத டின்னுக்குள் முட்டையைப் போட்டுக் கீழே எறிந்தால் டின் தப்பும், முட்டை தப்பாது. இவ்வளவு சொன்னால் போதும், பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

நனைந்த பெட்டியை ஏன் தண்ணீரிலேயே வைக்கிறார்கள்?

நம் கைப்பேசி நனைந்துவிட்டால் என்ன செய்வோம்? உடனே எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்போம். இல்லாவிட்டால் அரிசி டின்னுக்குள் புதைப்போம். கடலில் கிடைத்த கறுப்புப் பெட்டிக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். எடுத்த கையோடு தண்ணீர் நிறைந்த கொள்கலனில் வைத்து, அப்படியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். உப்பு ஏறிய உலோகத்தில் காற்றுப் பட்டால் அரிப்பு வேகமாகிவிடும். உப்புடன் காய்ந்தால் மின்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்தில் அவசரம் கிடையாது. கவசத்தை அறுத்துத் திறப்பார்கள். நினைவுப் பலகையை மூடியிருக்கும் பூச்சை மெதுவாக உரித்தெடுப்பார்கள். தூய நீரில் கழுவி உப்பைப் போக்கி, குறைந்த சூட்டில் நிதானமாக உலர்த்துவார்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் மின்தடையை அளந்து பார்ப்பார்கள். எங்காவது குறுக்குச்சுற்று இருக்கும்போது மின்சாரம் கொடுத்துவிட்டால், கடல் விட்டுவைத்ததை நாமே எரித்துவிடுவோம். எல்லாம் சரி என்று உறுதியானபிறகே, அதே வகையைச் சேர்ந்த பழுதில்லாத பதிவுக் கருவி ஒன்றில் இந்த நினைவுப் பலகையைப் பொருத்துவார்கள். பலகையே உடைந்திருந்தால், சில்லுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தனித்தனியாகப் படித்து, பின்னர் வரிசைப்படுத்துவார்கள். முதலில் நகல் எடுத்துவிடுவார்கள். ஆய்வெல்லாம் அந்த நகலில்தான்.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. 2009 ஜூன் 1ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பெட்டிகள், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 மே மாதம் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டன. இரண்டிலும் இருந்த பதிவு முழுமையாகப் படிக்கப்பட்டது.

அண்மைய எடுத்துக்காட்டு அகமதாபாத். 2025 ஜூன் 12ஆம் நாள் விழுந்த ஏர் இந்தியா 171 விமானத்தில், தரவையும் குரலையும் சேர்த்தே பதியும் கருவிகள் முன்னும் பின்னுமாக இரண்டு இருந்தன. விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் உயிரிழந்த அந்த விபத்தில், பின்பக்கக் கருவி வழக்கமான முறையில் படிக்க முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. முன்பக்கக் கருவியின் நினைவுத் தொகுதியை டில்லி ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்து, மேலே சொன்னபடி நல்ல கருவி ஒன்றின் துணையோடு படித்தார்கள். சுமார் 49 மணி நேரத் தரவும் 2 மணி நேரக் குரலும் கிடைத்தன.

எண்கள் எப்படிக் கதையாகின்றன?

சரி, பதிவு கிடைச்சாச்சு. அடுத்தது என்ன? திறந்து பார்த்தால் 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் கோடிக்கணக்கில் வரிசையாக நிற்கும். இதில் எந்தத் துண்டு உயரம், எந்தத் துண்டு வேகம் என்று சொல்லும் அட்டவணை விமானத்துக்கு விமானம் மாறும். அந்த அட்டவணை இல்லாத தரவு, பெயர் வரிசை கிழிந்துபோன மதிப்பெண் பட்டியல் மாதிரி. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், யாருடையது என்றுதான் தெரியாது.

குரல் பதிவுக்கும் இதே உழைப்பு தேவை. 2014 ஜூலை 17ஆம் நாள் உக்ரேனில் 298 பேருடன் சுட்டு வீழ்த்தப்பட்ட நம் எம்எச்17 விமானத்தின் குரல் பதிவில் கடைசியில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் பதிவு அறுந்துபோவதற்கு முந்திய 20 மில்லி வினாடிக்குள், நொடியின் ஆயிரத்தில் சில பங்கே நீளமுள்ள ஓர் ஒலி இருந்தது. விமானி அறையின் நான்கு ஒலிவாங்கிகளில் அது எதில் முதலில் விழுந்தது, எதில் பின்னால் விழுந்தது என்று கணக்கிட்டு, வெடிப்பு விமானத்துக்கு வெளியே, விமானி அறையின் இடப்பக்க மேற்புறத்தில் நிகழ்ந்தது என்று கண்டார்கள். மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணித் தூரத்தை மதிப்பிடுகிறோமே, அதே அறிவியல்தான்.

ஒரு சொல்லின் விலை

மொழி கற்பிக்கும் நமக்கு மிக நெருக்கமான நிகழ்வு பூச்சோங் அருகே நடந்தது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம் ஒரு குன்றில் மோதியது. போயிங் 747 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தனர்.

குரல் பதிவைக் கேட்டபோது காரணம் புரிந்தது. 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், எண்களை ஒவ்வொன்றாக “டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று சொன்னார். முதல் ‘டூ’ விமானிகளின் காதில் எண்ணாக விழவில்லை. ஆங்கிலத்தில் ‘வரை’ என்று பொருள்படும் ‘டு’வாக விழுந்தது. “400 வரை இறங்கு” என்று புரிந்துகொண்டு, “ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தத் திருப்பிச் சொல்லல் திருத்தப்படவில்லை. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும் விமானம் மேலே எழும்பவில்லை.

தரவுக் கருவி மட்டும் இருந்திருந்தால், விமானம் இறங்கியது தெரிந்திருக்கும். ஏன் இறங்கினார்கள் என்பதைச் சொன்னது குரல்தான். இரண்டு பதிவுகளும் ஏன் தேவை என்று மாணவர் கேட்டால், சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

எல்மினா என்ற பெயரும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1977 செப்டம்பர் 27ஆம் நாள், சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா தோட்டத்தில் விழுந்து, 79 பேரில் 34 பேர் இறந்தனர். அன்று ஓடிய பல ஜெட் விமானங்களில், உலோகத் தகட்டில் ஊசியால் கோடு கீறும் கருவிகளே இருந்தன. உயரம், வேகம், திசை, அதிர்வு, நேரம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய விவரங்களே அவற்றில் பதிவாகும்.

தோட்டம் நகரமாக மாறியபின், 2023 ஆகஸ்டு 17ஆம் நாள், லங்காவியிலிருந்து வந்த சிறிய ஜெட் ஒன்று அதே எல்மினாவில் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் சென்ற 2 பேரும் மாண்டனர். அந்த விமானத்தின் குரல் பதிவுக் கருவி கிடைத்தது. காரின் முன்புறக் கேமராவில் பதிவான காட்சியும் இருந்தது. தரையைத் தொட்டபின் மட்டுமே விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள், தரையிறங்கும் முன் செய்யும் சரிபார்ப்பின்போது தவறுதலாக வானிலேயே விரிக்கப்பட்டதுதான் காரணம் என்று 2024இல் வெளிவந்த இறுதி அறிக்கை சொன்னது.

பெட்டியின் எல்லைகள்

எம்எச்370 பற்றிப் பேசாமல் மலேசிய வகுப்பறையில் இந்தப் பாடம் முடியாது. 2014 மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் மறைந்த அந்த விமானத்தின் பெட்டிகள் இன்னும் கிடைக்கவில்லை. 2018இல் வெளிவந்த அறிக்கையும் காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்றே கூறியது.

பெட்டி தண்ணீரில் விழுந்தால், அதோடு இணைந்த ஒலிபரப்பி நொடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியைக் கருவிகள் சில கிலோமீட்டர் தூரத்திலிருந்துதான் பிடிக்க முடியும். அன்றைய மின்கலங்கள் 30 நாள் உழைக்க வேண்டியவை. எம்எச்370 தரவுக் கருவியின் ஒலிபரப்பி மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. தரைமேல் விழுந்த பெட்டிக்கு இந்த ஒலியும் இல்லை. செம்பனை மரங்களுக்கு இடையே கிடந்தால் கண்ணாலும் கையாலும்தான் தேட வேண்டும்.

இன்னொரு சிக்கல், குரல் பதிவின் நீளம். அந்த விமானத்தில் கடைசி 2 மணி நேரம் மட்டுமே தங்கும். பழையதன் மேல் புதியது எழுதப்படும். விமானம் திசை திரும்பியது அதிகாலை 1.20 வாக்கில். செயற்கைக்கோளுடன் கடைசித் தொடர்பு காலை 8.19க்கு. ஆகவே நாளைக்கே குரல் பெட்டி கிடைத்தாலும், திரும்பிய நேரத்துப் பேச்சு அதில் இருக்க வாய்ப்பில்லை. தரவுப் பெட்டியின் 25 மணி நேரப் பதிவுதான் நம்பிக்கை தருவது.

இதற்குப் பிறகு உலக விதிகள் மாறின. ஒலிபரப்பி மின்கலம் 90 நாள் உழைக்க வேண்டும். புதிதாக வரும் பெரிய விமானங்களில் குரல் பதிவு 25 மணி நேரம் நிற்க வேண்டும். அந்த 239 பேரின் குடும்பங்களுடைய காத்திருப்பு இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

எல்லை இன்னொன்றும் உண்டு. ஏர் இந்தியா 171 பற்றிய முதற்கட்ட அறிக்கையில், எரிபொருள் விசைகள் ‘நிறுத்து’ நிலைக்குச் சென்றதும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் இருந்தன. அவ்வளவுதான். அடுத்த நாளே நம் புலனக் குழுக்களில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். விசை நகர்ந்ததைப் பெட்டி பதியும். விமானியின் மனத்தைப் பதியாது. விமான விபத்து விசாரணையின் நோக்கமே அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்று பன்னாட்டு விதி கூறுகிறது. விமானிகளின் குரல் பதிவைப் பொதுவில் ஒலிபரப்பாமல் காப்பதும் அதே விதியின் பகுதி. ‘கடைசி நிமிட ஆடியோ’ என்று புலனத்தில் வருவதை மாணவர் பகிரும் முன் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

வகுப்புக்கு மூன்று நடவடிக்கைகள்

ஒன்று, அறிவியல். நான்கு சிறு போத்தல்களில் ஆளுக்கொரு சாக்லெட் துண்டு. ஒன்றைப் பஞ்சாலும், ஒன்றை நாளிதழாலும், ஒன்றை அலுமினியத் தாளாலும் சுற்றுங்கள். நான்காவதை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் நெகிழிப் பையில் கட்டி, ஆசிரியரே ஊற்றிய சுடுநீரில் வைத்து, எது கடைசியில் உருகுகிறது என்று பதிவு செய்யட்டும்.

இரண்டு, தமிழ்மொழி. தரையில் 1 முதல் 10 வரை கட்டங்கள் போடுங்கள். “ஆறு தாண்டி நில்” என்று கட்டளை கொடுங்கள். எண்ணா, நதியா? கட்டளையைக் கேட்டவர் தாம் புரிந்துகொண்டதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரிபார்க்க வேண்டும். பிறகு குழப்பமே வராதபடி கட்டளையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பூச்சோங் நிகழ்வை இதற்குப் பின்னால் சொன்னால் அழுத்தமாகப் பதியும்.

மூன்று, நன்னெறி அல்லது வாசிப்பு. ஒரு விபத்துச் செய்தியை எடுத்து மூன்று பத்தியாகப் பிரிக்கட்டும்: பதிவில் இருப்பது, அதிலிருந்து ஊகித்தது, யாரோ சொன்னது. மூன்றாவது பத்தி எவ்வளவு நீளமாகிறது என்று பிள்ளைகளே பார்ப்பார்கள்.

இந்தப் பாடத்தை எடுக்கும் முன் ஒரு வேண்டுகோள். வகுப்பில் விபத்தில் உறவினரை இழந்த பிள்ளை இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எரிந்த விமானப் படங்கள் தேவையில்லை. ஆரஞ்சு நிறப் பெட்டியின் படம் ஒன்று இருந்தால் போதும், பாடம் நடந்துவிடும்.